பூவோடு சேராத தேயிலை

பெங்களூரு: பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த பழமொழி. நார் மட்டுமல்ல, இலையும் மணக்கும் என்பதைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொழிலாகவே செய்து வருகின்றனர். மலரும் தறுவாயில் உள்ள மல்லிகை மொட்டும் உலர்ந்த தேயிலையும் ஓர் இரவு முழுவதும் ஒன்றாகக் கிடந்தால், பூவின் மணம் இலைக்குள் இறங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் பூவைச் சலித்து ஒதுக்கிவிட்டு, இலையை மட்டும் விற்பனைக்கு அனுப்புகின்றனர்.

தேயிலை உற்பத்தியில் சீனத்துக்கு அடுத்த இடத்தில் உள்ள நாடு இந்தியா. மல்லிகையோ இந்நாட்டின் அன்றாட வாழ்வோடு பிணைந்த மலர். இவ்விரண்டும் எளிதில் சந்திக்கக்கூடிய பெருநகரம் பெங்களூரு. தெற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில் குன்னூர் தேயிலை. கூப்பிடு தூரத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மல்லிகைத் தோட்டங்கள். மைசூரு மல்லிகை, உடுப்பி மல்லிகை, ஹடகலி மல்லிகை என மூன்று மல்லிகைகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாநிலத்தின் தலைநகரம் இது. ஆயினும், விரல்விட்டு எண்ணத்தக்க சிறு முயற்சிகளைத் தவிர, பூவையும் இலையையும் சேர்க்கும் தொழில் இங்கு வேரூன்றவில்லை. பெங்களூரின் சீன உணவகங்களில் கேட்டால் மல்லிகைத் தேநீர் கிடைக்கும். அது மதுரையின் மணமும் அல்ல, மைசூரின் மணமும் அல்ல.

பூ போன வழி:

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மல்லிகை சீனத்தின் பூர்வீக மலர் அன்று. மேற்கு நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து தென்சீனத்தில் நட்ட செடி என்று அந்நாட்டின் பழைய தாவர நூலே குறிப்பிடுகிறது. சீன மொழியில் மல்லிகையின் பெயரான 'மோலி', 'மல்லிகா' என்னும் வடசொல்லின் திரிபு என்பது அறிஞர்களின் கருத்து. ஆக, இங்கிருந்து போன பூவுக்கு அங்கே புதிய வேலை கிடைத்தது.

தேயிலைக்கு மலர் மணம் ஏற்றும் வழக்கம் சோங் வம்சக் காலத்தில் தொடங்கி, மிங் வம்சக் காலத்து நூல்களில் செய்முறையாகவே பதிவாகியுள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூஜோ நகரில் அது பெருந்தொழிலாக வளர்ந்து, பெய்ஜிங் உள்ளிட்ட வடசீன நகரங்களின் அன்றாடப் பானமாயிற்று. ஃபூஜோவின் மல்லிகை, தேயிலை வேளாண் முறையை ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2014-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. சீனத் தேயிலைத் தயாரிப்பு மரபுகளை யுனெஸ்கோ 2022-ல் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ஃபூஜோவின் மணமேற்றும் முறையும் அதில் ஒன்றாக இடம்பெற்றது. இன்று மல்லிகை பெருமளவு விளைவது குவாங்ஷி பகுதியிலுள்ள ஹெங்ஜோவில். தேயிலை வேறு மாகாணங்களிலிருந்து லாரியில் ஹெங்ஜோவுக்கு வருகிறது. பூவைத் தேடி இலை பயணம் செய்கிறதே தவிர, இலையைத் தேடிப் பூ போவதில்லை. இந்தியாவில் இதைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஓர் இரவு வேலை:

இத்தொழிலுக்கு ஏற்றது குண்டுமல்லி. மதுரை மல்லியும் உடுப்பி மல்லிகையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. பறித்த பின்னும் இதன் மொட்டு உயிரோடிருந்து, மாலையில் விரியும்போதுதான் மணத்தை வெளியிடத் தொடங்குகிறது. ரோஜாவைப்போல இதழில் முன்கூட்டியே மணம் நிறைந்திருப்பதில்லை. விரிந்த சில மணி நேரத்தில் மணம் உச்சத்தைத் தொட்டு, விடியும்போது அடங்கிவிடும். மணமேற்றும் தொழிலின் நுட்பம் முழுவதும் இந்த ஓர் இரவில் அடங்கியுள்ளது.

அன்று இரவு மலரப்போகும், பால் நிறத்தில் பருத்த மொட்டுகளை நண்பகலுக்குப் பின் பறிக்கின்றனர். அவை ஆலைக்கு வந்ததும் குவித்தும் பரப்பியும் மாறிமாறிப் புரட்டப்படுகின்றன. குவியலில் சூடு ஏறினால் மொட்டு விரைவில் விரியும்; சூடு மிகுந்தால் வெந்துவிடும். பெரும்பாலான மொட்டுகள் பாதி விரிந்து, புலி நகம்போல் வளைந்த இதழ்களுடன் நிற்கும் நேரமே சரியான பதம் என்கிறது சீனத் தொழில் மரபு. அப்போது மொட்டுகளைச் சல்லடையில் சலித்து, விரியாதவற்றை நீக்கி, மீதியைத் தேயிலையோடு கலக்கின்றனர்.

தேயிலை முன்பே நன்கு உலர்த்தப்பட்டிருக்கும். உலர்ந்த தேயிலை அருகில் உள்ள எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வீட்டில் தேயிலை டப்பாவை மசாலாப் பொருள்களோடு வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பூவும் இலையும் கலந்த குவியல் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் கிடக்கும். பூ மூச்சு விடுவதால் குவியல் சூடேறும். வெப்பம் 45 டிகிரி செல்சியஸை நெருங்கினால், நள்ளிரவானாலும் பணியாளர்கள் எழுந்து குவியலைக் கலைத்து ஆறவிட்டு மீண்டும் குவிக்க வேண்டும். தவறினால் மல்லிகை மணத்துக்குப் பதிலாக வாடிய மாலையின் வாடைதான் இலையில் ஏறும்.

சுமார் 10 முதல் 12 மணி நேரத்துக்குப் பின் பூவைச் சலித்து நீக்கிவிடுகின்றனர். இலை, மணத்தோடு பூவின் ஈரத்தையும் குடித்திருக்கும் என்பதால் அதை மீண்டும் சூட்டில் உலர்த்துகின்றனர். அதிகச் சூடு மணத்தை விரட்டும். குறைந்த சூடு ஈரத்தை விட்டுவைக்கும். பிறகு மறுநாள் புதிய பூவோடு மீண்டும் அதே வேலை. சாதாரண ரகத்துக்கு ஓரிரு முறை, நல்ல ரகத்துக்கு ஐந்து, ஏழு முறை என இது தொடர்கிறது. கடைசி முறை மட்டும் சிறிதளவு பூவோடு கலந்து சலித்து, உலர்த்தாமல் பொட்டலமிடுகின்றனர்.

கடைகளில் மல்லிகைத் தேயிலை வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. பொட்டலத்துக்குள் காய்ந்த பூக்கள் நிறையத் தென்பட்டால் அது உயர்ந்த ரகம் என்று பலரும் எண்ணுகின்றனர். மணத்தைக் கொடுத்து முடித்த பூவில் எஞ்சியிருப்பது கசப்பும் சருகும் மட்டுமே. நல்ல ரகங்களில் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கூந்தலின் கடிகாரம்:

பெங்களூரு கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் விடியலுக்கு முன்பே சூடுபிடித்துவிடும். 1928-ல் உருவான இச்சந்தைக்கு எல்லைக்கு அப்பாலிருந்து பூ மூட்டைகள் பேருந்துகளிலும் வேன்களிலும் வந்து இறங்குகின்றன. காலையில் கட்டி, பகலில் விற்று, மாலையில் கூந்தலிலும் சாமி படத்திலும் மலர வேண்டும் என்பதே இங்குள்ள கணக்கு. எனவே விவசாயிகள் பின்னிரவிலும் அதிகாலையிலும் டார்ச் விளக்கு வெளிச்சத்தில் மொட்டுப் பறிக்கின்றனர்.

தேயிலைக்குத் தேவைப்படுவதோ பிற்பகலில் பறித்த மொட்டு. கூடுதலாகச் சில மணி நேரம் செடியிலேயே இருந்து பருத்த மொட்டுக்குத்தான் மணம் மிகுதி. கூந்தலுக்காகப் பறிக்கும் நேரமும் கோப்பைக்காகப் பறிக்கும் நேரமும் பத்து மணி நேரம் விலகி நிற்கின்றன. சந்தையில் மிஞ்சிய பூவை வாங்கித் தேயிலையில் போட்டால் போதும் என்று நினைத்து இறங்குபவர்களின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது. மார்க்கெட்டில் மாலையில் மலிவாகக் கிடைக்கும் பூ, பாதி மணத்தை மூட்டையிலேயே இழந்த பூ. ஆகவே, மணமேற்றும் கூடம் மாநகருக்குள் அமைந்தால் பயனில்லை. தோட்டத்திலிருந்து ஓரிரு மணி நேரத் தொலைவில் அமைய வேண்டும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலைப் பகுதி அதற்கு ஏற்றது. விற்பனைக்கு பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது.

விலை இன்னொரு சிக்கல். முகூர்த்த நாள்களிலும், பனியால் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. சித்திரைப் பௌர்ணமியையொட்டி பெங்களூரில் நடைபெறும் கரகத் திருவிழாவில், தமிழ் மரபு கொண்ட திகளர் சமூகத்தின் பூசாரி சுமந்து வரும் கரகம் முழுவதும் மல்லிகையால் மூடப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் பூவைத் தேயிலைக் குவியலில் கொட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால், கோடையில் வரத்து பெருகி முகூர்த்தமும் இல்லாத நாள்களில் அதே மல்லிகை கிலோ 100 ரூபாய்க்கும் கீழே சரிந்து, பறிப்புக் கூலிகூடக் கட்டுபடியாகாத நிலை ஏற்படுகிறது. அப்போது விவசாயிகளுக்கு உள்ள புகலிடம் சென்ட் ஆலைகள் மட்டுமே. அங்கு விலையை நிர்ணயிப்பது ஆலை. ஒரு டன் மொட்டிலிருந்து இரண்டு கிலோவுக்கும் குறைவான மணமெழுகே கிடைக்கிறது என்பதால், அவர்களும் மலிந்த நேரம் பார்த்தே வாங்குகின்றனர்.

ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு முறை, முறைக்கு அரைக் கிலோ பூ என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ மொட்டு வேண்டும். பூவின் விலை 2,000 ரூபாயாக உள்ள நாளில் பூச்செலவு மட்டும் 4,000 ரூபாய். 100 ரூபாயாக உள்ள நாளில் 200 ரூபாய். முதலாவது கணக்கில் தொழிலே இல்லை, இரண்டாவதில் உண்டு. மேலும், நீலகிரியின் சிறந்த தேயிலை கிடைப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனிக் காலத்தில். மல்லிகை மலிவது கோடையில். இது முரண்பாடுபோலத் தோன்றினாலும் தடையல்ல. சீனத்திலும் வசந்தத்தில் பறித்த இலையைப் பக்குவமாக உலர்த்திச் சேமித்து வைத்து, கோடைப் பூ வந்ததும்தான் மணமேற்றுகின்றனர். இலை காத்திருக்கும், பூ காத்திருக்காது.

நீலகிரிக்கு என்ன பயன்?

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுப் போராடுவது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2023-ல் குறைந்தபட்ச ஆதரவு விலை கோரி படுகர் கிராமங்கள் உண்ணாவிரதப் போராட்டத்தில் இறங்கியபோது, ஒரு கிலோ பசுந்தேயிலைக்கு அவர்கள் கையில் கிடைத்தது 20 ரூபாய்க்கும் குறைவு. 'இன்ட்கோசர்வ்' அமைப்பின் கீழுள்ள கூட்டுறவு ஆலைகள் பெரும்பாலும் தயாரிப்பது பால் கலந்து குடிப்பதற்கான சி.டி.சி. தூள். மல்லிகை மணம் பாலுக்கும் சர்க்கரைக்கும் முன் நிற்காது, தூளிலும் தங்காது. நொதிக்காத, முறுக்கிய முழு இலைதான் அதற்கு வேண்டும். அதாவது, மணமேற்றும் தொழில் வருவதற்கு முன் ஆலையில் இயந்திரம் மாற வேண்டும். கூட்டுறவு ஆலைகளின் நிதி நிலையை அறிந்தவர்களுக்கு இது எளிய காரியம் அன்று என்பது தெரியும்.

19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியின் நடுவட்டம் பகுதியில் சிறை வைக்கப்பட்ட சீனக் கைதிகள் தேயிலைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டது அம்மாவட்டத்தின் வரலாற்றில் பேசப்படும் செய்தி. இலையைப் பயிரிடும் வித்தை அன்று மலையேறியது. பூவைச் சேர்க்கும் வித்தைக்கு அன்றைய வெள்ளையர் தோட்டங்களில் வேலை இருக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது லண்டன் சந்தைக்கான கறுப்புத் தேயிலை.

இந்தியரின் நாக்குக்கு மல்லிகைத் தேநீர் ஒத்துவராது என்ற வாதமும் உண்டு. அதை முழுமையாக ஏற்பதற்கில்லை. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் மல்லிகைத் தேநீர், சாதாரண மக்கள் மண் கெண்டியில் ஊற்றிக் கல்கண்டு போட்டுக் குடிக்கும் தெருக்கடைப் பானம். நம்மைப்போலவே இனிப்பில்லாமல் தேநீர் இறங்காத மக்கள் அவர்கள்.

சட்டத்தில் பெயரில்லை:

பெங்களூரின் பல்பொருள் அங்காடிகளில் மல்லிகைப் பெயர் தாங்கிய தேயிலைப் பைகள் பல நிறுவனங்களின் பெயரில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றின் பின்புறம் சிறிய எழுத்தில் இருப்பது 'சேர்க்கப்பட்ட மணம்' என்ற குறிப்பு. ஆலையில் தேயிலை மீது மணச்சாறு தெளித்தாலும், ஐந்து இரவு கண்விழித்துப் பூவோடு கிடத்தினாலும், இந்திய விதிகளின் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பொட்டலமிட்ட தேயிலையில் தாவரங்களிலிருந்து பெறப்பட்ட இயற்கை மணப்பொருள்களைச் சேர்க்க அனுமதிக்கின்றன. அத்தகைய தேயிலையை 'மணமூட்டிய தேயிலை' என்று பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். தயாரிப்பாளர் தேயிலை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மலர் கொண்டு மணமேற்றிய தேயிலை என்ற தனி வகை அதில் இல்லை. சீனத்தில் மல்லிகைத் தேயிலைக்கென்றே தேசியத் தர நிர்ணயம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது.

பெயரில்லாத பொருளுக்கு விலை கிடைப்பது அரிது. இரவெல்லாம் உழைத்தவரும் சொட்டு மருந்துபோல் மணச்சாறு விட்டவரும் ஒரே பெயரில் அங்காடிக்கு வந்தால், விலை குறைந்ததே விற்கும்.

இதைவிடக் கடினமான சிக்கல் பூச்சிமருந்து. மொட்டுப் புழுவும் மொட்டு ஈயும் மல்லிகை விவசாயியின் தீராத தலைவலி. கூந்தலுக்குப் போகும் பூ உணவுப் பொருள் அன்று என்பதால், தெளித்த மருந்து எத்தனை நாள் தங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. தேயிலையில் எஞ்சிய மருந்துக்கு உச்சவரம்பு உண்டு. ஏற்றுமதிச் சந்தைகளில் அது மேலும் கடுமை. மருந்து தெளித்த பூவோடு ஐந்து இரவு கிடந்த இலை சோதனைச் சாலையில் என்ன காட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உணவுக்கென்றே தனியாகப் பராமரிக்கப்படும் மல்லிகைத் தோட்டங்கள் இன்றி இத்தொழில் ஓர் அடியும் நகராது. பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும், மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. முன்னது மலரை அறியும். பின்னது உணவை அறியும். இந்த வேலைக்கு இரண்டும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

எந்த அமைச்சகத்தின் கதவு?

தில்லியில் இக்கோரிக்கையை யாரிடம் கொண்டு செல்வது என்பதே முதல் கேள்வியாகிவிடும். தேயிலை வாரியம் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மல்லிகை, தோட்டக்கலைப் பயிர் என்ற வகையில் வேளாண் அமைச்சகத்துக்குரியது. மலர் சாகுபடிக்கான சி.எஸ்.ஐ.ஆர். இயக்கமோ அறிவியல், தொழில்நுட்ப அமைச்சகத்தைச் சார்ந்தது. கன்னௌஜ் நகரிலுள்ள மணப்பொருள் மேம்பாட்டு மையம் சிறு, குறுந்தொழில் அமைச்சகத்தின் பொறுப்பு. குறு உணவு நிறுவனங்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் வழங்க 2020-ல் தொடங்கப்பட்ட திட்டம் உணவு பதப்படுத்துதல் அமைச்சகத்துடையது. பொட்டலத்தின் மீது என்ன எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆறு அமைச்சகங்கள்.

வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022-ல் தேயிலைத் தொழிலின் பிரச்னைகள் குறித்து அறிக்கை அளித்தது. அதன் தலைப்பிலேயே டார்ஜிலிங் இடம்பெற்றிருந்தது. நேபாளத்திலிருந்து வரும் மலிவுத் தேயிலை அதில் முக்கிய விவாதமாக இருந்தது. தேயிலை என்றால் வடகிழக்கும் வங்கமும் என்ற பார்வை தலைநகரில் பழகிப்போன ஒன்று. தென்னிந்திய உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகள் ஓர் அமைச்சகத்திலிருந்து இன்னோர் அமைச்சகத்துக்கு மாற்றி அனுப்பப்படுவதும் அவையில் புதிதல்ல. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. மாற்றம் நிகழும்போது அந்த நாளும் கைநழுவிவிடும்.

தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நீலகிரி மக்களவைத் தொகுதியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மலைத் தொகுதிகளோடு பவானிசாகர் சட்டப்பேரவைத் தொகுதியும் இணைந்துள்ளது. சத்தியமங்கலத்தின் மல்லிகைத் தோட்டங்கள் இருப்பது அந்தப் பகுதியில்தான். தமிழ்நாட்டின் தேயிலை விவசாயியும் மல்லிகை விவசாயியும் ஒரே உறுப்பினருக்கு வாக்களித்து மக்களவைக்கு அனுப்புகின்றனர். சத்தியமங்கலம் சந்தையில் பூ குவிந்து விலை சரியத் தொடங்கும் மார்ச் மாதத்தில்தான், நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரில் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வருகின்றன.